கனமான தட்டு என்றால் நல்ல தட்டா? கிளாசிக் ராக் மறுபதிப்புகளில் எதைப் பார்த்து வாங்குவது

கறுப்புவட்டு

வணக்கம் நண்பர்களே. நான்கு வருடமாக எல்பி சேர்த்து வருகிறேன். அறுபது, எழுபதுகளின் ராக் இசைதான் எனக்கு உயிர். இப்போது எழுபது தட்டுக்குப் பக்கம் இருக்கும், முக்கால்வாசி புதிய மறுபதிப்புகள். 180 கிராம், ஆடியோஃபைல் பதிப்பு, ஒரிஜினல் மாஸ்டர் டேப் (இறுதிக் கலவை பதிவான மூல டேப்) என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நம்பி வாங்கிவிடுவேன்.

போன வாரம் நடந்தது என்னைக் குழப்பிவிட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு ஆல்பத்தின் 180 கிராம் மறுபதிப்பு என்னிடம் இருக்கிறது. அதே ஆல்பத்தின் பழைய செகண்ட் ஹேண்ட் பிரதி ஒன்று கைக்கு வந்தது. மெல்லிய தட்டு, கையில் எடுத்தாலே வளையும், மேலே மெல்லிய கீறல்கள். ஆனால் முதல் பக்கத்தைப் போட்டதும் டிரம்ஸ் அறைக்குள் வந்து நின்றது. மறுபதிப்பில் அதே டிரம்ஸ் போர்வைக்குள் இருந்து கேட்பதுபோல இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் மட்டும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதுவும் ஏன் என்று புரியவில்லை.

ஆல்பத்தின் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் பேச்சு வெளியிட்ட நிறுவனத்தின் பக்கம் திரும்பிவிடும். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: ஸ்டிக்கரை நம்பாமல் வேறு எதை நம்புவது?

ஊசிமுனை

தம்பி, உங்கள் காதில் கோளாறு எதுவும் இல்லை.

முதலில் இந்த எடை விஷயத்தை முடித்துவிடுவோம். தடம் வெட்டப்படுவது லாக்கரில். அலுமினியத் தகட்டின் மேல் பூசிய மிருதுவான பூச்சு அது. அதிலிருந்து உலோக அச்சுகள் எடுத்து, இரண்டு அச்சுகளுக்கு நடுவில் சூடான வினைலை வைத்து அழுத்துகிறார்கள். நடுவில் 120 கிராம் வைத்தாலும் 180 கிராம் வைத்தாலும் தடத்தின் வடிவம் அச்சில் இருப்பதுதான். கனமான தட்டு எளிதில் வளையாது, கையில் பிடிக்க நன்றாக இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நான் பார்ப்பது இரண்டே விஷயம். எந்த டேப்பிலிருந்து வெட்டினார்கள்? யார் வெட்டினார்கள்? இரண்டாவது கேள்விக்கான பதில் பல நேரம் தட்டிலேயே இருக்கும். கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடம்வரை பாட்டில்லாத வெற்றுப் பகுதி இருக்கிறதே, டெட்வாக்ஸ், அதை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேட்ரிக்ஸ் எண்ணும் (அந்தப் பக்கத்து வெட்டின் அடையாள எண்), வெட்டியவரின் அடையாளமும் கீறியிருக்கும். எல்லாத் தட்டிலும் இருக்காது, ஆனால் இருந்தால் அது ஸ்டிக்கரைவிட மேலான சாட்சி.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் 1969இல் வந்த 'லெட் செப்பலின் 2'. ஸ்டெர்லிங் சவுண்ட் ஸ்டுடியோவில் பாப் லட்விக் வெட்டினார். டேப்பில் இருந்த பேஸும் அடியும் குறையாமல் முழு வேகத்தோடு தடத்தில் ஏறின. ஆனால் அட்லாண்டிக் நிறுவனத்தின் தலைவர் அஹ்மத் எர்டேகனின் மகளுடைய சின்ன பிளேயரில் அந்தத் தட்டின் மேல் ஊசி குதித்துவிட்டது. உடனே சத்தத்தை அடக்கி மறுபடி வெட்டச் சொன்னார்கள். அந்தக் கதையைச் சொன்னவர் லட்விக்கேதான். இன்று டெட்வாக்ஸில் ஆர்எல் (ராபர்ட் லட்விக், அதாவது பாப்) என்ற எழுத்துள்ள பிரதியைத் தேடி உலகம் முழுக்க அலைகிறார்கள். அதே பாட்டு, அதே டேப், அதே வருடம். வெட்டு மட்டும்தான் வேறு.

இங்கிலாந்தில் ஜார்ஜ் பெக்கம் என்பவர் தான் வெட்டியவற்றில் 'போர்க்கி' என்று கீறி வைப்பார். அந்தக் கீறலைப் பார்த்தால் நான் யோசிக்காமல் எடுத்துவிடுவேன்.

நாற்பத்தைந்து

ஊசிமுனை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சுற்றும் வேகத்தையும் பாருங்கள். 45 வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 45 சுற்றில், இரட்டைத் தட்டாக வரும் மறுபதிப்புகள் சும்மா அலங்காரம் இல்லை, அதில் கணக்கு இருக்கிறது.

33⅓ வேகத்தில் 12 அங்குலத் தட்டின் வெளி ஓரத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் தடம் ஊசிக்கு அடியில் ஓடுகிறது. லேபிள் பக்கம் வரும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதே ஒரு விநாடி இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டியிருக்கிறது. உயர்ந்த அதிர்வெண் அலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், ஊசிமுனையால் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் இறங்க முடியாது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் 'ஸ' ஒலி சீறுவது இதனால்தான். 45 வேகத்தில் அதே உள்வட்டத்தில் 28 சென்டிமீட்டர் கிடைக்கிறது. பாட்டும் இரண்டு தட்டுகளில் பரவியிருப்பதால் லேபிளை ஒட்டி வெட்டவேண்டிய அவசியமே பல நேரம் வருவதில்லை.

ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' ஆல்பத்தின் 45 வேகப் பதிப்பு 2011இல் வந்தது. ஸ்டீவ் ஹாஃப்மனும் கெவின் கிரேயும் வெட்டியது. அந்த ஆல்பத்தின் டேப்புக்கே ஒரு சோகம் உண்டு. மாதக்கணக்கில் ஓவர்டப் செய்ய (பதிந்ததன் மேல் புதிய குரல், கருவிகளைச் சேர்க்க) திரும்பத் திரும்ப ஓட்டியதில் காந்தப் பூச்சு உதிர்ந்து, டிரம்ஸின் கூர்மை மங்க ஆரம்பித்துவிட்டது. நல்லவேளையாக அடிப்படை டிராக்குகள் இரண்டு இயந்திரங்களில் ஒரே நேரத்தில் பதிவாகியிருந்தன. தேயாத பிரதியை எடுத்து, ஓவர்டப்புகளைக் கையாலேயே வேகம் திருத்தித் திருத்தி அதோடு பொருத்தினார்கள். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய டிரம்ஸ் அந்த 45இல் எப்படி விழுகிறது என்று கேளுங்கள்.

டோர்ஸ் குழுவின் முதல் ஆறு ஸ்டுடியோ ஆல்பங்களையும் அனலாக் புரொடக்‌ஷன்ஸ் என்ற நிறுவனம் இப்படி 45இல் கொண்டுவந்திருக்கிறது. டக் சாக்ஸ் வெட்டினார், அந்த ஆல்பங்களைப் பதிவுசெய்த புரூஸ் பாட்னிக் கூடவே இருந்தார்.

முழுப்பக்கம்

45இன் ஒலியைப் பற்றி நான் மறுக்க மாட்டேன். ஆனால் எனக்கு ஆல்பம் என்பது ஒலி மட்டும் இல்லை.

பீட்டில்ஸின் 'ஆபி ரோட்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஒரே தொடராக ஓடும். அதற்கு நடுவில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பினால் என்ன மிச்சம்? பிங்க் ஃப்ளாய்டின் 'எக்கோஸ்' 23 நிமிடத்துக்கு மேல், 'மெடில்' ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுக்க அதுதான். அதை 45இல் ஒரு பக்கத்துக்குள் அடக்க வேண்டுமானால் சத்தத்தையும் பேஸையும் குறைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் இரண்டாக வெட்ட வேண்டும். இரண்டுமே எனக்கு வேண்டாம்.

இந்தக் கலைஞர்கள் ஒரு பக்கம் என்பதை 20 நிமிட நாடகம்போல யோசித்துக் கட்டினார்கள். முதல் பக்கம் எப்படி முடிய வேண்டும், இரண்டாம் பக்கம் எதில் தொடங்க வேண்டும் என்று சண்டை போட்டிருப்பார்கள். அந்த அமைப்பைக் கலைக்காத 33 வேக நல்ல வெட்டு இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

நாற்பத்தைந்து

'எக்கோஸ்' பற்றி நீங்கள் சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். தனித்தனிப் பாட்டுகளாக இருக்கும் ஆல்பங்களுக்குத்தான் 45 என்று திருத்திக்கொள்கிறேன்.

டேப்நேசன்

எல்லோரும் முதல் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். எந்த டேப்?

என்னைப் பொறுத்தவரை டேப்பிலிருந்து நேராக லேத்துக்கு (தடம் வெட்டும் இயந்திரம்) வர வேண்டும், நடுவில் டிஜிட்டல் கூடாது. பீட்டில்ஸ் தட்டுகளையே பாருங்கள். 2012இல் வந்த ஸ்டீரியோ தொகுப்பு டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டியது. 2014இல் வந்த மோனோ தொகுப்பை ஆபி ரோடில் ஷான் மகீயும் ஸ்டீவ் பெர்கோவிட்சும் பழைய டேப்புகளை ஓட்டி, டிஜிட்டல் படி இல்லாமல் வெட்டினார்கள். இரண்டையும் அருகருகே கேட்டால் மோனோவில் குரலுக்கு உடம்பு இருக்கிறது.

அதனால்தான் மொபைல் ஃபிடெலிட்டி என்ற மறுபதிப்பு நிறுவனத்தின் விவகாரம் அவ்வளவு பெரிதானது. 1977இலிருந்து 'ஒரிஜினல் மாஸ்டர் ரெக்கார்டிங்' என்று உறையின் மேலேயே பட்டை போட்டு வெளியிட்டவர்கள். 2022 ஜூலையில்தான் தெரியவந்தது, 2011 முதலே அவர்களுடைய பல தட்டுகளில் டேப்புக்கும் லேத்துக்கும் நடுவில் டிஎஸ்டி என்ற டிஜிட்டல் படி இருந்தது என்று. வழக்கு நடந்து, 2.5 கோடி டாலர் அளவில் சமரசம் செய்துகொண்டார்கள்.

ஊசிமுனை

டேப்நேசன், நீங்கள் சொன்ன தகவலில் பிழை இல்லை. ஆனால் அதே விவகாரம் எனக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பத்து வருடமும் அந்தத் தட்டுகளைக் கேட்டு, இதுதான் அசல் அனலாக் ஒலி என்று பாராட்டியவர்கள் எத்தனை பேர்! தேர்ந்த காதுகள். ஒருவர்கூட நடுவில் டிஜிட்டல் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவில்லை.

இன்னொன்று. லேத்துக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அடுத்து வரப்போகும் சத்தம் பெரிதா சிறிதா என்று. பெரிதென்றால் தடங்களுக்கு இடைவெளி கூட்ட வேண்டும். அதனால் கட்டிங் அறையில் இருக்கும் டேப் இயந்திரத்துக்கு டேப்பைப் படிக்கும் ஹெட் இரண்டு. ஒன்று முன்னோட்டம் பார்க்கும், மற்றொன்று தட்டு ஏறக்குறைய ஒரு சுற்று, அதாவது 1.8 விநாடி, சுற்றிய பிறகு அதே இசையை லேத்துக்கு அனுப்பும். எழுபதுகளின் இறுதியிலிருந்து பல இடங்களில் அந்த இரண்டாவது ஹெட்டுக்குப் பதிலாக டிஜிட்டல் டிலே (ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தி அனுப்பும் கருவி) வைத்தார்கள். அனலாக் என்று நாம் நம்பிக் கொண்டாடும் எண்பதுகளின் முதல் அச்சுகள் சிலவற்றின் ஒலியே டிஜிட்டல் வழியாகத்தான் தடத்துக்கு வந்திருக்கிறது.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' 1985இல் டிஜிட்டலிலேயே பதிவானது. அதற்கு அனலாக் மாஸ்டர் எங்கே போய்த் தேடுவது? அதன் முதல் எல்பியில் இடம் பற்றாமல் சில பாட்டுகளைச் சுருக்கியிருந்தார்கள். முழு நீளத்தோடு வந்த பிற்கால இரட்டைத் தட்டுதான் எனக்குப் பிடித்தது. இந்த ஒரு ஆல்பத்துக்கு மறுபதிப்பு முதல் அச்சை வென்றுவிட்டது.

டேப்நேசன்

அண்ணா, டிஜிட்டல் படி இருந்தும் நன்றாக ஒலித்தது என்பதை நான் மறுக்கவில்லை. என் வருத்தம் ஒலியைப் பற்றியதும் இல்லை. எதை வாங்குகிறேன் என்று எனக்குச் சொல்ல வேண்டும். டேப், டிஎஸ்டி, லேத் என்று வரிசையை அப்படியே எழுதியிருந்தால் விருப்பமுள்ளவர் வாங்கியிருப்பார். இப்போது அந்த நிறுவனமே ஒவ்வொரு தட்டுக்கும் அந்த வரிசையை வெளியிடுகிறது. வேறு சில நிறுவனங்களும் எழுதத் தொடங்கிவிட்டன. அந்த நல்லது நடக்க ஒரு வழக்கு தேவைப்பட்டதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

டிஜிட்டல் கோப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில டேப்புகளில், ஆம்பெக்ஸ் 456 போன்றவற்றில், பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் பூச்சு பிய்ந்து ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். ஏறக்குறைய 54 டிகிரி செல்சியஸ் மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைத்து எடுத்தால் கொஞ்ச காலத்துக்கு ஓடும். அப்படிப்பட்ட டேப்பை ஒவ்வொரு லாக்கருக்கும் ஓட்டு என்று கேட்க எனக்கே மனம் வராது.

கறுப்புவட்டு

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் ஒதுக்கிச் சொல்வதற்கு நன்றி. ஸ்டிக்கரில் 'ஒரிஜினல் மாஸ்டர் டேப்பிலிருந்து' என்று போட்டிருந்தால் அதற்கு உண்மையில் என்ன பொருள்?

டேப்நேசன்

அந்த வரியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரிஜினல் டேப்பை எப்போதோ ஒருமுறை டிஜிட்டலாக்கி, அந்தக் கோப்பிலிருந்து வெட்டினாலும் 'மாஸ்டர் டேப்பிலிருந்து' என்று எழுதலாம். 'ஒரிஜினல் அனலாக் டேப்பிலிருந்து நேரடியாக வெட்டியது' என்று இருந்து, வெட்டியவர் பெயரும் இருந்தால் நம்பலாம். ரைனோ நிறுவனம் 2023இல் தொடங்கிய ஹை ஃபிடெலிட்டி வரிசையைப் பாருங்கள். கெவின் கிரே டேப்பிலிருந்து வெட்டினார் என்று பெயரோடு சொல்லிவிடுகிறார்கள். நீல் யங்கின் ஆரம்பகால ஆல்பங்களை 2009இல் மறுபடி வெளியிட்டபோது கிறிஸ் பெல்மன் வெட்டினார். அந்தத் தட்டுகளின் ஒலி அருமை.

ரீமாஸ்டர், ரீமிக்ஸ் என்ற சொற்களையும் கவனியுங்கள். ரீமாஸ்டர் என்றால் பழைய கலவையையே எடுத்து ஒலியைச் சீராக்கியது. ரீமிக்ஸ் என்றால் குரலும் கருவிகளும் தனித்தனியாகப் பதிவான மல்டிடிராக்குக்கே திரும்பிப் போய்ப் புதிதாகக் கலக்கியது. ஜெத்ரோ டல்லின் 'அக்வாலங்'கை 2011இல் ஸ்டீவன் வில்சன் அப்படிச் செய்தார். பழைய கலவையின் மங்கல் போய்விட்டது. ஆனாலும் அது வேறொரு கலவை, 1971இல் வெளிவந்தது அது இல்லை.

மழைத்தடம்

நானும் கொஞ்சம் சொல்கிறேன். நல்ல டேப், நல்ல வெட்டு எல்லாம் அமைந்தும் அச்சடிக்கும் ஆலையில் கெட்டுப்போகலாம். அது எனக்கு நடந்தது.

பல மாதம் காத்திருந்து ஒரு ஆடியோஃபைல் மறுபதிப்பு வாங்கினேன். பியானோ தொடங்கியதும் சுருதி மேலும் கீழும் ஆடியது. என் டர்ன்டேபிள் பழுதாகிவிட்டது என்று பயந்துபோனேன். வேறு தட்டு போட்டால் சரியாக ஓடுகிறது. பிறகுதான் ஊசியைத் தாங்கும் டோன்ஆர்மைக் கவனித்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் இடவலமாக அசைந்துகொண்டிருந்தது. நடுத்துளை மையம் தவறி விழுந்திருக்கிறது. மாற்றித் தந்தார்கள், இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மையம் சரி, ஆனால் வினைல் தடத்தில் முழுதாக நிரம்பாமல் ஒரு பக்கம் கிழிசல்போல 'சர்ர்ர்' என்று சத்தம். கடைசியில் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த ஆல்பத்தை இன்றுவரை தட்டில் முழுதாகக் கேட்கவில்லை என்பதுதான் வலி.

அதனால் கறுப்புவட்டு, தட்டு வந்த அன்றே இரண்டு பக்கத்தையும் முழுதாக ஓட்டிப் பாருங்கள். நீண்டு ஒலிக்கும் ஸ்வரங்கள் வரும்போது ஆர்மைப் பாருங்கள். உறையைத் திறக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் போட்டால் மாற்றித் தர மாட்டார்கள்.

முதல் அச்சு வாங்குவதாக இருந்தால், குழு எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டு அச்சை முதலில் தேடுங்கள். மாஸ்டர் டேப் பெரும்பாலும் அங்கேதான் இருந்தது, மற்ற நாடுகளுக்குப் பிரதி எடுத்த டேப்தான் போனது. அமெரிக்காவில் கேபிடல் வெளியிட்ட ஆரம்பகால பீட்டில்ஸ் தட்டுகள் சிலவற்றில் எதிரொலியையே கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். ஜப்பானிய அச்சுகளில் வினைல் அவ்வளவு அமைதி, பாட்டுக்கு நடுவே ஒரு பொட்டுச் சத்தம் இருக்காது. ஆனால் அவையும் பெரும்பாலும் பிரதி டேப்பிலிருந்து வந்தவைதான். எனக்கு அந்த அமைதி பிடிக்கும், அதனால் சிலவற்றை வைத்திருக்கிறேன்.

அப்புறம், இரண்டு தட்டையும் ஒப்பிடும் முன் உங்கள் கார்ட்ரிட்ஜின் (ஆர்மின் நுனியில் ஊசியோடு இருக்கும் பகுதி) அமைப்பைச் சரிபார்த்தீர்களா? கோணம் அளக்கும் தாளை வைத்து ஊசி எங்கே நிற்க வேண்டும் என்று பார்க்க வேண்டும், ஊசி தட்டை அழுத்தும் எடை அந்தக் கார்ட்ரிட்ஜ் கேட்கும் அளவில் இருக்க வேண்டும். பழைய பிரதியைக் கழுவினீர்களா? காய்ச்சி வடித்த (டிஸ்டில்டு) தண்ணீரில் கழுவினால்கூடப் பாதிப் படபடப்பு போய்விடும். கழுவிய தட்டைப் பழைய காகித உள்ளுறையிலேயே திரும்பப் போடாதீர்கள்.

கறுப்புவட்டு

மழைத்தடம் அக்கா, நேற்று விடுமுறை, நீங்கள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தேன்.

கார்ட்ரிட்ஜ் இரண்டு மில்லிமீட்டர் பின்னால் தள்ளியிருந்தது. நான்கு வருடமாக அப்படியே ஓட்டியிருக்கிறேன். சரிசெய்ததும் பக்கத்தின் கடைசிப் பாட்டுகளில் இருந்த சீறல் பெருமளவு போய்விட்டது, எல்லாத் தட்டுகளிலும். மறுபதிப்பும் முன்பைவிட நன்றாகவே ஒலிக்கிறது, அதன் மேல் நான் கொஞ்சம் அநியாயமாகக் கோபப்பட்டுவிட்டேன். ஆனாலும் முதல் பக்கத்தில் பழைய பிரதி இன்னும் முன்னால்தான் நிற்கிறது. பழைய பிரதியைக் கழுவிவிட்டேன், படபடப்பு பாதிக்கு மேல் குறைந்தது.

டெட்வாக்ஸையும் விளக்கு பிடித்துப் பார்த்தேன். மறுபதிப்பில் இயந்திரத்தில் அடித்த எண் மட்டும் இருக்கிறது. பழைய பிரதியின் முதல் பக்கத்தில் கையால் கீறிய இரண்டு எழுத்துகள்.

ஊசிமுனை

அந்த எழுத்துகள் இரண்டாம் பக்கத்திலும் இருக்கின்றனவா? ஒரு பக்கத்து அச்சு தேய்ந்துபோனால் அந்தப் பக்கத்தை மட்டும் வேறொருவர் மறுபடி வெட்டி, பழைய முதல் பக்கத்தோடு சேர்த்து அச்சடிப்பது சகஜம். மேட்ரிக்ஸ் எண்ணின் கடைசியில் இருக்கும் வெட்டு எண்ணையும், அதாவது எத்தனையாவது வெட்டு என்பதையும், பாருங்கள்.

கறுப்புவட்டு

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் அண்ணா. முதல் பக்கத்தில் எண்ணின் முடிவில் 1, பக்கத்தில் அந்த இரண்டு எழுத்துகள். இரண்டாம் பக்கத்தில் 4 என்று இருக்கிறது, கையெழுத்து எதுவும் இல்லை. இரண்டாம் பக்கத்தில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை என்று முதலில் எழுதினேனே, அதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. இனி இரண்டு பக்கத்திலும் அந்த எழுத்துள்ள பிரதியைத்தான் தேட வேண்டும்.

ஊசிமுனை

விற்பவரிடம் உறையின் படத்தைக் கேட்காதீர்கள், இரண்டு பக்கத்து டெட்வாக்ஸின் படத்தையும் கேளுங்கள். அனுப்பாதவரிடம் வாங்க வேண்டாம்.